ராணுவத் தளத்தில் யார் சொல் செல்லும்? செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடக்கே தஞ்சாவூரில் விமானப்படைத் தளம். தென்கிழக்கே ராமநாதபுரம் உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம். சிவகங்கைப் பக்கம் இலுப்பக்குடியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் பயிற்சி மையம். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருப்பவர்களுக்கு இவை எதுவும் கூப்பிடு தூரம் இல்லை. ஆனாலும் கேள்விகள் ஓயவில்லை. என்சிசி மாணவர்கள், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பவர்கள், பையனைப் பட்டாளத்துக்கு அனுப்பிய பெற்றோர் எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

தளத்தில் யாருக்கு ரேங்க் பெரிதோ அவர்தானே எல்லாருக்கும் உத்தரவு போடுவார்?

இல்லை. ராணுவத்தைப் பற்றி நம் ஊரில் இருக்கும் பெரிய குழப்பமே இதுதான். ரேங்க் என்பது தோளில் இருப்பது. பொறுப்பு என்பது உட்காரும் நாற்காலி. கட்டளை அதிகாரம் நாற்காலியோடு வருகிறது. அந்த நாற்காலியில் உட்காரக் குறிப்பிட்ட ரேங்க் வேண்டும் என்பதால் இரண்டும் ஒன்று போலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் நடத்திய கடைகளை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று அங்கே படிகள் இருந்தன. ஆனால் ஊரில் இருந்த முதலாளி எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரத்தின் பேரில்தான் ஏஜெண்டு கடையை நடத்தினார். மூன்று வருஷக் கணக்கு முடிந்ததும் அடுத்து வந்தவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறினார். பக்கத்துக் கடை ஏஜெண்டு எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் இந்தக் கடைப் பெட்டியில் கை வைக்க முடியாது.

ராணுவத்திலும் அப்படித்தான். பட்டாலியன் என்பது பல நூறு ஜவான்கள் கொண்ட படைப்பிரிவு, பல பட்டாலியன்கள் சேர்ந்தது பிரிகேடு. வேறு பிரிகேடைச் சேர்ந்த பிரிகேடியர் ஒரு பட்டாலியனுக்கு விருந்தாளியாக வந்தால் எல்லோரும் சல்யூட் அடிப்பார்கள், டீ கொடுப்பார்கள். ஆனால் அந்தப் பட்டாலியனை எங்கே நகர்த்துவது, யாருக்கு லீவு கொடுப்பது என்பதையெல்லாம் அதன் கமாண்டிங் ஆபிசரான கர்னல்தான் தீர்மானிப்பார். ஒழுங்கு மீறல் கண்ணில் பட்டால் மூத்தவர் தட்டிக் கேட்கலாம். அது வேறு விஷயம்.

சரி, ஆபிசர் ரேங்குகளை ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

தரைப்படையில் கீழிருந்து மேலே: லெப்டினன்ட், கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல், கர்னல், பிரிகேடியர், மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல், ஜெனரல். அதற்கும் மேலே ஃபீல்டு மார்ஷல் என்ற கௌரவம் உண்டு. அதை 1973இல் மானெக்ஷாவும் 1986இல் கரியப்பாவும் பெற்றார்கள், வேறு யாருமில்லை.

விமானப்படையில் ஃபிளையிங் ஆபிசர், ஃபிளைட் லெப்டினன்ட், ஸ்குவாட்ரன் லீடர், விங் கமாண்டர், குரூப் கேப்டன், ஏர் கமோடோர், ஏர் வைஸ் மார்ஷல், ஏர் மார்ஷல், ஏர் சீஃப் மார்ஷல். கடற்படையில் சப் லெப்டினன்ட், லெப்டினன்ட், லெப்டினன்ட் கமாண்டர், கமாண்டர், கேப்டன், கமோடோர், ரியர் அட்மிரல், வைஸ் அட்மிரல், அட்மிரல்.

மூன்று வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், படிக்குப் படி பொருந்தும். சிக்கல் 'கேப்டன்' என்ற பெயரில்தான். தரைப்படை கேப்டன் சில வருஷமே சர்வீஸ் ஆன இளைஞர். கடற்படை கேப்டன் கர்னலுக்குச் சமம், தலையில் நரை விழுந்திருக்கும். சரக்குக் கப்பல் கேப்டனோ ராணுவத்திலேயே சேர்த்தி இல்லை. "எங்க மருமகன் கேப்டன்" என்று யாராவது சொன்னால், "எந்தக் கேப்டன்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

தோளில் மூன்று ஸ்டார் இருந்தால் இன்ஸ்பெக்டர் மாதிரியா?

பார்வைக்கு மாதிரிதான். போலீஸ் இன்ஸ்பெக்டருக்கும் மூன்று நட்சத்திரம், ராணுவக் கேப்டனுக்கும் மூன்று. எஸ்.ஐ.க்கும் லெப்டினன்டுக்கும் இரண்டு. இன்ஸ்பெக்டர், எஸ்.ஐ. தோள்பட்டையில் நட்சத்திரத்தோடு சிவப்பும் நீலமுமாக ரிப்பன் இருக்கும். ராணுவ ஆபிசருக்கு அது கிடையாது.

மேஜருக்கு நட்சத்திரமே இல்லை, அசோகச் சிங்கம் மட்டும். அதோடு ஒரு நட்சத்திரம் சேர்ந்தால் லெப்டினன்ட் கர்னல், இரண்டு என்றால் கர்னல், மூன்று என்றால் பிரிகேடியர். அதற்கு மேலே குறுக்கே வைத்த வாளும் கோலும் வந்துவிடும். கர்னலிலிருந்து காலரில் சிவப்புப் பட்டை ஏறும். காரின் முன்னால் நட்சத்திரத் தகடு பிரிகேடியரிலிருந்துதான்: பிரிகேடியருக்கு ஒன்று, ஜெனரலுக்கு நான்கு. 'ஒன் ஸ்டார்', 'த்ரீ ஸ்டார்' என்று செய்தியில் சொல்வது இந்தத் தகட்டுக் கணக்கை. தோள் நட்சத்திரத்தை எண்ணிக் குழம்ப வேண்டாம்.

2023 ஆகஸ்ட் 1 முதல் பிரிகேடியரும் அவருக்கு மேலே உள்ளவர்களும் எந்த ரெஜிமெண்டிலிருந்து வந்திருந்தாலும் ஒரே மாதிரித் தொப்பி, ஒரே மாதிரிச் சின்னம் அணிகிறார்கள். அந்த உயரத்துக்குப் போனவர்கள் 'என் ரெஜிமெண்ட்' என்று பார்க்கக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம்.

சுபேதார் மேஜர் என்றால் மேஜரா?

இல்லை. நம் ஊர்த் தெருக்களில் 'மேஜர் வீடு' என்று பெயர் வாங்கிய வீடுகளில் சில, உண்மையில் சுபேதார் மேஜர் வீடுகள். ஆனால் இதைச் சொல்லும்போது யாரும் உதட்டைப் பிதுக்க வேண்டியதில்லை.

ராணுவத்தில் மூன்று அடுக்கு உண்டு. சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் முதல் அடுக்கு. அடுத்தது ஜேசிஓ (ஜூனியர் கமிஷன்ட் ஆபிசர்) எனப்படும் நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். மூன்றாவது ஆபிசர்கள். நடு அடுக்கு இந்தியா, பாகிஸ்தான் போன்ற சில ராணுவங்களுக்கே உரியது. சிப்பாயாகச் சேர்ந்து, இருபத்தைந்து முப்பது வருஷம் உழைத்து, படிப்படியாக ஏறியவர் சுபேதார் மேஜர். ஒரு பட்டாலியனுக்கு ஒருவர்தான். ஏறத்தாழ எண்ணூறு ஜவான்களின் மனநிலை கமாண்டிங் ஆபிசருக்கு இவர் வழியாகத்தான் போகும். இருபத்திரண்டு வயது லெப்டினன்ட் ரேங்கில் இவருக்கு மேலே. ஆனால் "சாஹப்" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார், புத்தியுள்ளவராக இருந்தால் அவரிடம் கற்றுக்கொள்ளவும் செய்வார். அடையாளம் வேண்டுமென்றால் தோளைப் பாருங்கள். ஜேசிஓக்களுக்குச் சின்னத்தோடு சிவப்பு-மஞ்சள்-சிவப்பு ரிப்பன் இருக்கும்.

ஓய்வை ஒட்டிச் சில ஜேசிஓக்களுக்கு குடியரசு தினத்திலும் சுதந்திர தினத்திலும் ஆனரரி லெப்டினன்ட், ஆனரரி கேப்டன் பட்டம் அறிவிப்பார்கள். அது சும்மா கிடைக்கிற பட்டமில்லை.

மாப்பிள்ளை 'ஆர்மி ஆபிசர்' என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?

ஜாதகத்தோடு இரண்டு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள். "எந்த அகாடமியில் பாஸ் அவுட் ஆனார்?" என்பது முதலாவது. தரைப்படை ஆபிசர் என்றால் டேராடூன் ஐஎம்ஏ (இந்திய ராணுவ அகாடமி) அல்லது சென்னை, கயா ஓடிஏ (ஆபிசர் பயிற்சி அகாடமி) என்று சட்டென்று பதில் வரும். விமானப்படை என்றால் பெரும்பாலும் துண்டிகல், கடற்படை என்றால் எழிமலை. டாக்டராகச் சேர்ந்தவர்களுக்கு வழி வேறு. இரண்டாவது, "பெர்மனென்ட் கமிஷனா, ஷார்ட் சர்வீஸா?" பெர்மனென்ட் என்றால் ஓய்வு வயது வரை வேலை. ஷார்ட் சர்வீஸ் என்றால் பத்து வருஷம், நீட்டித்தால் பதினான்கு. அதன்பின் வேறு வேலை தேட வேண்டியிருக்கலாம். கல்யாணம் பேசும்போது இது தெரிந்திருப்பது நல்லது.

தரைப்படையில் சர்வீஸ் நம்பரின் முன்னெழுத்தே சொல்லிவிடும்: ஐ.சி. என்றால் பெர்மனென்ட், எஸ்.எஸ். என்றால் ஷார்ட் சர்வீஸ், ஜே.சி. என்றால் ஜேசிஓ. நம்பரையே கேட்டு வாங்க வேண்டாம், முன்னெழுத்து போதும். "இப்போது எந்த இடத்தில் என்ன யூனிட்டில் இருக்கிறார்" என்று துருவித் துருவிக் கேட்காதீர்கள். அதை அவர் சொல்லாமல் மழுப்பினால் பொய் என்று அர்த்தமில்லை.

ஒரு ராணுவ நகரத்தில் பல யூனிட்டுகள் இருக்குமே. அங்கே தலைவர் யார்?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் இரண்டு கயிறுகள் உண்டு. போர், பயிற்சி, இடமாற்றம் எல்லாம் ஒரு கயிறு: பட்டாலியனின் கர்னல், அவருக்கு மேலே பிரிகேடியர், டிவிஷனுக்கு மேஜர் ஜெனரல், கோருக்கு லெப்டினன்ட் ஜெனரல், பிறகு உதம்பூர், புனே, கொல்கத்தா போன்ற இடங்களில் இருக்கும் கமாண்டு. தரைப்படைக்கு மொத்தம் ஏழு கமாண்டுகள். அதில் ஒன்று சிம்லாவில் இருக்கும் பயிற்சிக் கமாண்டு.

இன்னொரு கயிறு இடத்தைச் சார்ந்தது. குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடு, நிலம், பள்ளிக்கூடம், கேட் பாதுகாப்பு, வளாக ஒழுங்கு இதெல்லாம் ஸ்டேஷன் கமாண்டர் கையில். அவர் பெரும்பாலும் பிரிகேடியராகவோ கர்னலாகவோ இருப்பார். அவர் உங்கள் யூனிட்டைச் சண்டைக்கு அனுப்ப முடியாது. ஆனால் உங்கள் வீட்டு ஒதுக்கீட்டுக் கடிதம் அவருடைய அலுவலகத்தில்தான் கிடக்கும். பையனுக்கு குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லை என்று கவலைப்படும் அம்மாக்கள் கமாண்டிங் ஆபிசரைத் திட்டிப் பயனில்லை என்பது இதனால்தான்.

தமிழ்நாட்டில் வெலிங்டனிலும் பரங்கிமலை-பல்லாவரத்திலும் கண்டோன்மென்ட் போர்டு, அதாவது ராணுவக் குடியிருப்புப் பகுதிக்கான நகராட்சி போன்ற அமைப்பு, இருக்கிறது. ஸ்டேஷன் கமாண்டர்தான் அதன் தலைவர். ஆனால் சாலை, குடிநீர், வரி என்று தினசரி நிர்வாகத்தைப் பார்க்கும் தலைமை நிர்வாக அதிகாரி, சீருடை போடாத சிவில் அதிகாரி.

நம் மாநிலத்தில் தரைப்படையின் நிலம், நிர்வாகம், மாநில அரசோடு பேச்சு ஆகியவற்றைக் கவனிப்பது சென்னையில் இருக்கும் தக்ஷிண பாரத் ஏரியா தலைமையகம். ஒரு லெப்டினன்ட் ஜெனரல் அதன் தலைவர். அதற்கு மேலே புனேயில் தென் கமாண்டு.

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் பைலட்டுதானே ராஜா?

வானத்தில் அவர் ராஜா. தரையில் இல்லை.

தளத்தின் தலைவர் ஏர் கமோடோர் என்றால் 'ஏர் ஆபிசர் கமாண்டிங்' என்பார்கள். குரூப் கேப்டன் என்றால் 'ஸ்டேஷன் கமாண்டர்'. அவருக்குக் கீழே பறத்தல் ஒரு பிரிவு, விமானப் பராமரிப்பு ஒரு பிரிவு, நிர்வாகம் ஒரு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். போர் விமானங்களை வைத்திருக்கும் ஸ்குவாட்ரனுக்குத் தனியாக ஒரு கமாண்டிங் ஆபிசர் உண்டு. தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் சுகோய்-30 விமானங்களோடு 222ஆம் ஸ்குவாட்ரன் வந்தது. அது தளத்தில் தங்கியிருக்கிறது, ஆனால் தளமே அது அல்ல. ஸ்குவாட்ரன் நாளைக்கு வேறு ஊருக்குப் போனாலும் தளம் தளமாகவே இருக்கும். அதற்கு மேலே திருவனந்தபுரத்தில் தெற்கு விமானக் கமாண்டு. கோவை சூலூரும் அதன் கீழ்தான். தாம்பரம் தளம் மட்டும் பெங்களூரு பயிற்சிக் கமாண்டின் கீழ் வருகிறது.

உச்சிப்புளியில் கப்பலே இல்லையே, ஏன் 'ஐஎன்எஸ் பருந்து' என்கிறார்கள்?

கடற்படை வழக்கம் அப்படி. கரையில் இருக்கும் தளத்தையும் கப்பலாகவே பாவித்துப் பெயர் வைப்பார்கள். அரக்கோணத்தில் 'ராஜாளி', திருநெல்வேலிப் பக்கம் 'கட்டபொம்மன்', எல்லாம் அந்த வகை. பருந்து 2009இல் அந்தப் பெயர் பெற்றது. கப்பல் என்று ஆனபின் அதற்குக் கேப்டன் வேண்டுமே! அதனால் தளத்தின் தலைவர் கப்பல் தலைவனைப் போலவே கமாண்டிங் ஆபிசர். அவருடைய ரேங்க் தளத்தின் அளவைப் பொறுத்தது. இரண்டாம் ஆள் 'எக்சிகியூட்டிவ் ஆபிசர்'. வளாகத்தில் தூசு தும்பு கிடந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இலுப்பக்குடியில் இருப்பதும் ராணுவம்தானே?

இல்லை. சீருடையும் துப்பாக்கியும் பனிமலையும் இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை 1962 அக்டோபரில், சீனப் போர் நடந்துகொண்டிருந்தபோது தொடங்கப்பட்டது. அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் மத்திய ஆயுதக் காவல் படை. ரேங்குகளும் போலீஸ் வழியில் போகும்: கான்ஸ்டபிள், ஹெட் கான்ஸ்டபிள், எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர், ஆபிசர்கள் அசிஸ்டெண்ட் கமாண்டன்ட், டெபுடி கமாண்டன்ட், கமாண்டன்ட், பிறகு டிஐஜி, ஐஜி. பிஎஸ்எஃப், சிஆர்பிஎஃப் பிள்ளைகளுக்கும் இதே வரிசைதான். பென்ஷன், கேன்டீன், முன்னாள் படைவீரர் சலுகைகளில் ராணுவத்துக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே பையனுக்கு இதைச் சொல்லிவிடுங்கள். சேர்ந்தபின் "ராணுவம்னு நினைச்சேன்" என்பவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் கல்லூரிப் பேராசிரியர் 'கேப்டன்' என்று போட்டுக்கொள்கிறாரே?

அவர் என்சிசியின் அசோசியேட் ஆபிசர். கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து லெப்டினன்ட், கேப்டன், மேஜர் என்று என்சிசி ரேங்க் கொடுப்பார்கள். அது மாணவர் படைக்குள் செல்லும் ரேங்க். ராணுவத் தளத்தில் படை நடத்தும் அதிகாரம் அதில் இல்லை. பட்டாலியனை நடத்த ராணுவத்திலிருந்தே கர்னல் அல்லது லெப்டினன்ட் கர்னல் வருவார். முகாமில் டிரில் சொல்லிக்கொடுக்கும் ஹவில்தார்களும் ராணுவத்திலிருந்து வருபவர்கள்தான்.

மாணவர்களுக்கு ஒரு முக்கியமான சேதி: 'சி' சான்றிதழும் பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் இருந்தால், என்சிசி சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே எஸ்எஸ்பி (ஆபிசர்களைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணலுக்குப் போகலாம். வயது 19லிருந்து 25க்குள். நம் பக்கத்துக் கல்லூரிகளில் 'சி' சான்றிதழ் வாங்கியும் இந்த வாசலை எட்டிப் பார்க்காதவர்கள் ஏராளம், எனக்கு ஆதங்கம் அதுதான்.

வருஷம் ஆனால் எல்லா ஆபிசரும் ஜெனரல் ஆகிவிடுவாரா?

மாட்டார். லெப்டினன்டாகச் சேர்ந்து 2 வருஷத்தில் கேப்டன், 6இல் மேஜர், 13இல் லெப்டினன்ட் கர்னல். தேர்வுகளும் நடத்தையும் சரியாக இருந்தால் இதுவரை காலமே தூக்கிவிடும். கர்னலிலிருந்து தேர்வுக் குழு. அங்கே பலர் நின்றுவிடுவார்கள். நின்றவர்களும் 26 வருஷ சர்வீஸில் 'டைம் ஸ்கேல்' கர்னல் ஆகலாம். தோளில் அதே சிங்கம், அதே இரண்டு நட்சத்திரம். ஆனால் பட்டாலியன் கொடுக்க மாட்டார்கள், லெப்டினன்ட் கர்னல் பார்க்கும் பொறுப்பைத்தான் பார்ப்பார். ரேங்கும் நாற்காலியும் வேறு வேறு என்று முதலில் சொன்னேனே, இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

பெண்கள் பட்டாலியனை நடத்த முடியுமா?

2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் சிக்னல்ஸ், இன்ஜினியர்ஸ், சப்ளை போன்ற பிரிவுகளில் பெண் ஆபிசர்களுக்குப் பெர்மனென்ட் கமிஷனும் கமாண்டும் கிடைக்கின்றன. கர்னலாக யூனிட்டுகளை நடத்துகிறார்கள். காலாட்படையிலும் டாங்கிப் படையிலும் இன்னும் கதவு திறக்கவில்லை.

டாக்டர் கர்னல் இருந்தால் அவர் போர்ப் படைக்கும் உத்தரவு போடலாமா?

ஆஸ்பத்திரிக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். ஜெனரலே அட்மிட் ஆனாலும் படுக்கையில் படுக்கத்தான் வேண்டும். வெளியே, படை நடத்தும் கமாண்டு போர்ப் பிரிவு ஆபிசரிடம் இருக்கும், அவர் ரேங்கில் இளையவராக இருந்தாலும்.

கமாண்டிங் ஆபிசர் தண்டனை கொடுக்கலாமா? அவர் தப்பான உத்தரவு போட்டால்?

கொடுக்கலாம். 1950ஆம் வருஷத்து ராணுவச் சட்டத்தின்படி, நேரடி விசாரணையிலேயே ஜவானுக்கு 28 நாள் வரை ராணுவக் காவல் விதிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. பெரிய குற்றமென்றால் கோர்ட் மார்ஷல் என்ற ராணுவ நீதிமன்றம். ஆனால் கீழ்ப்படியாமை குற்றமாவது உத்தரவு சட்டப்படியானதாக இருந்தால் மட்டுமே. தன் வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்யச் சொல்வது அந்த வகையில் சேராது.

வெள்ளத்துக்கு ராணுவம் வந்தால் கலெக்டர் உத்தரவுப்படி நடக்குமா?

என்ன வேண்டும் என்று கலெக்டர் கேட்பார். எப்படிச் செய்வது என்று ராணுவ ஆபிசர் முடிவெடுப்பார். ஜவானுக்கு உத்தரவு அவருடைய ஆபிசரிடமிருந்துதான் வரும். கலவரக் கூட்டத்தைக் கலைக்கக் கூப்பிடும்போதும் சட்டம் இதையே சொல்கிறது: கோரிக்கைக்குக் கட்டுப்பட வேண்டும், முறையை ஆபிசர் தீர்மானிக்கலாம், பலப்பிரயோகம் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவாக.

செட்டிநாட்டு ஏரோட்ரோம் ராணுவத் தளமா?

இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் அது. இப்போது கால்நடைப் பண்ணை வளாகத்துக்குள் கிடக்கிறது. அங்கே விமானம் இறங்குமா என்ற பேச்சு அவ்வப்போது கிளம்பும், அடங்கும். கமாண்டரும் இல்லை, படையும் இல்லை.

கல்யாணப் பத்திரிகையில் ரேங்கை எப்படிப் போடுவது?

பெயருக்கு முன்னால் ரேங்க், ஓய்வு பெற்றவர் என்றால் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் 'ஓய்வு'. ஆனரரி கேப்டன் என்றால் 'ஆனரரி' என்பதை விட்டுவிடாதீர்கள். சுபேதார் மேஜரை இடம் போதவில்லை என்று 'மேஜர்' ஆக்கிவிடாதீர்கள். பதக்கம் பெற்றிருந்தால் அது பெயருக்குப் பின்னால் வரும். பணியில் இருப்பவர் என்றால் ரேங்க் மட்டும் போதும், யூனிட் பெயரும் ஊரும் பத்திரிகையில் வேண்டாம். அச்சுக்குக் கொடுக்கும் முன் சம்பந்தப்பட்டவரிடமே ஒரு தடவை காட்டிவிடுங்கள்.